பழைய ரேஸ் இன்ஜினுக்குப் புது ஆயில் போடலாமா?

நம் ஊரில் ஒருவரை மட்டம் தட்ட வேண்டும் என்றால் 'சரியான விளக்கெண்ணெய்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்றுக்கும் உதவாத, வழவழா கொழகொழா ஆசாமி என்று அர்த்தம். ஆனால் ஒரு காலத்தில் உலகத்தின் வேகமான கார்களும், முதல் உலகப்போர் விமானங்கள் பலவும் ஓடியது இந்த விளக்கெண்ணெயை நம்பித்தான். இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் கம்பெனி 1909-ல் தன் இன்ஜின் ஆயிலில் ஆமணக்கெண்ணெயைக் கலந்து, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அதற்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தது. பழைய ரேஸ் மைதானங்களில் ஒரு தனி வாசம் அடிக்கும் என்பார்களே, அது எரிந்த விளக்கெண்ணெய் வாசம்.

நான் வேலை பார்க்கும் குஜராத்தில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது, இந்தியாவில் பெரும்பங்கு குஜராத்தில். பனாஸ்காண்டா, மெஹ்சானா பக்கத்துப் பயிர்க்கடன் ஃபைல்களில் 'எரண்டா' என்ற சொல்லைப் பார்க்காமல் ஒரு பருவம் கழியாது.

விளக்கெண்ணெய் ஏன் ரேஸுக்கு உகந்ததாக இருந்தது? எத்தனை சூட்டிலும் இரும்பை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும். ஏன் வழக்கொழிந்தது? சூடு பட்டுப் பட்டுப் பிசின் மாதிரி இறுகிவிடும், சாதாரண மினரல் ஆயிலோடு சரியாகச் சேராது, ரேஸ் முடிந்த கையோடு வடித்துவிட வேண்டும். ஆக, ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு அமிர்தம், ஒரு வருட ஓட்டத்துக்கு விஷம். ஆயிலில் 'உயர்ந்தது, தாழ்ந்தது' என்று எதுவும் இல்லை. எந்த இன்ஜினுக்கு, என்ன வேலைக்கு என்பதுதான் கேள்வி. இன்று நான் எழுதப்போவதன் சாரம் அவ்வளவுதான். ஆனால் டப்பாவைப் பார்த்து அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க முடிகிறதா என்றால், முடியவில்லை. என் ஆதங்கம் அங்கேதான்.

பி.காம் படித்த வங்கிக்காரனுக்கு ஆயிலில் என்ன வேலை என்று கேட்கலாம். கடன் கேட்டு வருகிறவர் பளபளக்கும் புரோஷர் கொடுப்பார். நாங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு பேலன்ஸ் ஷீட்டைக் கேட்போம். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. ஆயில் டப்பாவையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன் :-)

அப்பா வண்டி

வெளி மாநிலத்தில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரு விஷயம் நடக்கிறது. ஊரில் வீட்டை விற்கிறார்கள், அல்லது பூட்டுகிறார்கள். அப்பாவின் பழைய கார் என்ன ஆவது என்ற கேள்வி வருகிறது. சிலர் இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். சிலருக்கு மனசு வருவதில்லை, லாரியில் ஏற்றிப் புனேவுக்கோ டெல்லிக்கோ பெங்களூருக்கோ கொண்டுவந்து, பணம் செலவழித்து இன்ஜினை இறக்கிச் சரிசெய்கிறார்கள். அந்த வண்டி வெறும் வண்டியாக இல்லாமல் வேகத்துக்காக மெருகேற்றப்பட்ட வண்டியாக இருந்தால் சிக்கல் இரட்டிப்பு.

அகமதாபாத் மணிநகரில் இருக்கும் நண்பர் ஒருவருக்குப் பூர்வீகம் சேலம். அவர் அப்பா 1970-களில் சோழவரம் பந்தயத்துக்கு வருடம் தவறாமல் போய் ஃபியட் 1100 ஓட்டியவர். சோழவரம் தெரியாத இளையவர்களுக்கு: சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறினார்கள். ஃபியட், அம்பாசடர், நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தெருவில் ஓடிய வண்டிகளையே கடைந்து, செதுக்கி, மூச்சுவிட இடம் கொடுத்து ஓட்டினார்கள்.

நண்பரின் ஃபியட்டிலும் அந்தக் காலத்துக் கைவேலை எல்லாம் இருந்தது. வால்வை அதிகம் தூக்கும் கேம் ஷாஃப்ட், கடினமான வால்வ் ஸ்பிரிங், இரட்டைக் கார்புரேட்டர். இன்ஜினை முழுதாக இறக்கி, கேமைப் புதிதாக அரைத்து, எல்லாம் முடித்து, கடையில் இருப்பதிலேயே விலை அதிகமான 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஆயிலை ஊற்றினார். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டுவதற்குள் 'டக் டக்' என்று சத்தம். திறந்து பார்த்தால் கேமின் மூன்று மேடுகள் தேய்ந்து வட்டமாகிவிட்டன. தேய்ந்த இரும்புத்தூள் ஆயிலோடு போய் பேரிங்கையும் கீறியிருந்தது.

மெக்கானிக், கேம் அரைத்தவரைக் குறை சொன்னார். கேம் அரைத்தவர், டாப்பெட்டின் கடினத்தைக் குறை சொன்னார். ஆயிலை யாரும் சந்தேகிக்கவில்லை. "இருக்கறதுலயே காஸ்ட்லி ஆயில்தான் சார் போட்டேன்" என்றார் நண்பர். எண்பது வயது அப்பா ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "வண்டி ஓடுதா கண்ணு?" என்று கேட்கிறாராம். இவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஆயில்தான் குற்றவாளி என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் சந்தேகக் கூண்டில் முதலில் ஏற வேண்டியது அதுதான். ஏன் என்று பார்ப்போம்.

தீக்குச்சித் தலையளவு இடம்

ஃபியட் 1100, ஹெரால்டு, அம்பாசடர் மூன்றுமே புஷ்ராடு இன்ஜின்கள். கேம் ஷாஃப்ட் கீழே இருக்கும். அதன் மேட்டின் மீது தட்டையான அடி கொண்ட டாப்பெட் உட்கார்ந்திருக்கும். மேடு சுற்றும்போது டாப்பெட் மேலே போகும், அது புஷ்ராடைத் தள்ளும், வால்வ் திறக்கும். இன்றைய பல இன்ஜின்களில் இந்த இடத்தில் உருளும் ரோலர் இருக்கிறது. பழைய இன்ஜினில் உருள்வது இல்லை, உரசல்தான்.

அந்த உரசல் நடக்கும் இடம் தீக்குச்சித் தலையளவுகூட இருக்காது. ஸ்பிரிங்கின் மொத்த அழுத்தமும் அந்த இடத்தில் இறங்கும். கிராங்க் பேரிங்கில் இருப்பதுபோல் ஆயில் படலம் இரண்டு இரும்பையும் முழுதாகப் பிரித்து வைக்க இங்கே வழியில்லை. இரும்பும் இரும்பும் தொட்டுவிடும். அப்போது காப்பாற்றுவது ஆயிலின் கெட்டித்தன்மை இல்லை, அதில் கரைந்திருக்கும் ஒரு ரசாயனம். ஜிங்க் டைஅல்கைல் டைதயோபாஸ்பேட் என்று பெயர், சுருக்கமாக இசட்.டி.டி.பி. மெக்கானிக்குகள் 'ஜிங்க்' என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த இது 1940-களிலிருந்து ஆயிலில் சேர்க்கப்படுகிறது. சூடும் அழுத்தமும் பட்டவுடன் இரும்பின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சாகப் படியும். உரசலில் இரும்புக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேயும். ஆயிலில் உள்ள ஜிங்க் மறுபடி பூசும். கோயில் விளக்குக்குத் திரி மாதிரி, தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றுகிற சாமான்.

அப்புறம் ஏன் குறைத்தார்கள்?

புகைக் கட்டுப்பாட்டுக்காக. பெட்ரோல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமானது. இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து புகையோடு போகும்போது அதிலுள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதை மழுங்கடிக்கிறது. எனவே அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டில் பாஸ்பரஸின் உச்சவரம்பை படிப்படியாக இறக்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் 0.12 சதவீதம், பிறகு 0.10, 2004-ல் ஏ.பி.ஐ. எஸ்.எம். வந்தபோது 0.08. அதற்குப் பின் 2010-ல் எஸ்.என்., 2020-ல் எஸ்.பி. அந்த 0.08 அப்படியே தொடர்கிறது.

இதில் சதி எதுவும் இல்லை. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்காகச் செய்தது, செய்ய வேண்டியதுதான். ரோலர் வைத்த புது இன்ஜினுக்கு அந்த அளவே தாராளம். ஆனால் டப்பாவில் எழுத்து முன்னேற முன்னேற ஆயில் எல்லா வகையிலும் எல்லாருக்கும் சிறந்ததாகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் கோளாறு.

மறுதரப்பையும் கேட்போம்

வங்கியில் ஒரு தரப்பை மட்டும் கேட்டு ஃபைலை மூடக்கூடாது. புது ஆயில் பழைய இன்ஜினுக்கும் பொருந்தும் என்பது ஏ.பி.ஐ.யின் நிலை. அதற்கு ஆதாரமும் உண்டு: கேம் தேய்மானத்துக்கு அவர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திய சோதனை இன்ஜினிலேயே உரசும் வகை அமைப்புதான் இருந்தது. அதில் தேறினால்தான் முத்திரை. எனவே கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கோடு, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் ஃபியட்டுக்கு எஸ்.என். ஆயில் போட்டால் வானம் இடிந்து விழாது. இணையத்தில் 'புது ஆயில் எல்லாப் பழைய இன்ஜினையும் கொன்றுவிடும்' என்று கூவுகிறவர்களை நானும் நம்புவதில்லை.

ஆனால் சோதனை இன்ஜினில் இருந்தது கம்பெனி ஸ்பிரிங். சோழவரத்து ஃபியட்டில் இருப்பது ரேஸ் ஸ்பிரிங். கேம் வால்வை அதிகம் தூக்கினால், இன்ஜின் அதிகம் சுற்றினால், வால்வ் எகிறாமல் இருக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்கியே ஆக வேண்டும். அப்போது தீக்குச்சித் தலையளவு இடத்தில் இறங்கும் அழுத்தம் முத்திரை கொடுத்தவர்கள் நினைத்ததைவிடக் கூடிவிடுகிறது. எனவே 'வண்டி எத்தனை வருடப் பழசு' என்பது தவறான கேள்வி. 'கேமும் ஸ்பிரிங்கும் எப்படிப்பட்டவை' என்பதே சரியான கேள்வி.

இன்னொரு நுணுக்கம். அந்த 0.08 உச்சவரம்பு எல்லா ஆயிலுக்கும் இல்லை. எரிபொருள் சேமிக்கும் மெல்லிய ரகங்களுக்கு, அதாவது 20, 30 ரகங்களுக்குத்தான் அது முக்கியமாகப் பொருந்துகிறது. 40, 50 ரகங்களில் கம்பெனி விரும்பினால் அதிகம் வைத்துக்கொள்ளலாம். வைத்திருக்கிறார்களா? சிலர் ஆம், சிலர் இல்லை. டப்பாவைப் பார்த்தால் தெரியாது.

'கெட்டியாப் போடு' கட்சி

இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று 'புதுசு, காஸ்ட்லி' கட்சி. மற்றொன்று பழைய பட்டறைகளின் 'கெட்டியாப் போடு' கட்சி. வண்டி பழசு, ரேஸ் வண்டி வேறு, அதனால் கிடைப்பதிலேயே கெட்டியானதை ஊற்று என்பார்கள். இதுவும் பாதி உண்மைதான்.

20டபிள்யூ-50 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 20டபிள்யூ ஆயில் கிராங்க் சுற்றவிடுகிறதா என்று சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில். 0டபிள்யூ என்றால் மைனஸ் 35. அகமதாபாத்தின் ஜனவரி விடியற்காலை பத்து டிகிரி, சென்னை இருபது. லே, லடாக்கில் போஸ்டிங் கிடைத்தாலொழிய 0டபிள்யூவுக்குத் தனியாகப் பணம் கொடுக்க நமக்குக் காரணம் இல்லை.

பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 'சென்டிஸ்டோக்' என்பது அலகு. எல்லைகளைக் கவனியுங்கள். 12.6 இருந்தாலும் 40தான், 16.2 இருந்தாலும் 40தான். ஒரே எண் போட்ட இரண்டு டப்பாக்களுக்குள் கால்பங்கு வித்தியாசம் இருக்கலாம்.

ஆனால் பந்தயத்தில் பேரிங்குக்குள் சூடு 100 டிகிரியில் நிற்பதில்லை. அதற்காக 150 டிகிரியில், கடும் அரைபாட்டில் வைத்து இன்னொரு அளவு எடுக்கிறார்கள். ஹெச்.டி.ஹெச்.எஸ். என்று பெயர். 30 ரகத்துக்குக் குறைந்தபட்சம் 2.9, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ரகங்களுக்கு 3.7. வேகமாக ஓடும் பழைய இன்ஜினின் பேரிங்கைக் காப்பாற்றுவது இந்த எண்தான். அதிலும் பாருங்கள், குறைந்தபட்சத்தில் நாற்பதும் ஐம்பதும் ஒன்றுதான்! ஒரு நல்ல 40, ஒரு சுமாரான 50-ஐத் தோற்கடிக்க முடியும்.

அளவுக்கு மீறிக் கெட்டியானால் என்ன? ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் ஆயில் மேலே ஏறத் தாமதம். ஃபில்டரின் பைபாஸ் வால்வ் திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். ஆயிலைக் கடைவதிலேயே சக்தி வீணாகி, ஆயிலே சூடாகும். மீட்டரில் பிரஷர் அதிகம் காட்டுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். பிரஷர் என்பது ஆயில் நுழையத் திணறுகிறது என்பதற்கும் அடையாளம்தான். டிராஃபிக்கில் நிற்கும் கார்கள் அதிகமானால் சாலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

பழைய பந்தயப் பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு. ஆறாயிரம் சுற்றில் அறுபது. அது கிடைக்கும் வரை கெட்டி போதும், அதற்கு மேல் வீண். பேரிங் இடைவெளியைத் தாராளமாக விட்டுக் கட்டிய இன்ஜின் 50 கேட்கும். இறுக்கமாகக் கட்டிய அதே இன்ஜின் 40-ல் நிம்மதியாக ஓடும். கட்டியவரிடம் இடைவெளி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலை முடிவு செய்ய அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

'சிந்தெடிக்', 'ரேஸிங்' என்ற சொற்கள்

சிந்தெடிக் என்றால் ஆய்வுக்கூடத்தில் கட்டியமைத்த மூலக்கூறு என்று நினைத்திருந்தோம். 1999-ல் அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் விளம்பரத் தகராறு வந்தபோது, நன்றாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெயையும் சிந்தெடிக் என்று சொல்லலாம் என்று விளம்பரத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. அது மோசமான எண்ணெய் இல்லை, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

'ரேஸிங்' இன்னும் வேடிக்கை. டப்பாவில் அந்தச் சொல்லைப் போட எந்தத் தரத்திலும் தேற வேண்டியதில்லை. நிஜமாகவே பந்தயத்துக்குச் செய்த ஆயிலும் உண்டு. அதில் ஜிங்க் அதிகம் இருக்கும், ஆனால் அழுக்கு நீக்கும் டிடர்ஜென்ட் குறைவாக இருக்கும். ஏனென்றால் டிடர்ஜென்டும் ஜிங்கும் அதே இரும்பின் மேல் இடம் பிடிக்கப் போட்டி போடும். ஒரு வார இறுதி ஓட்டிவிட்டு வடித்துவிடுகிறவர்களுக்கு அது சரி. அதை ஊற்றி வருடம் முழுக்க ஊர் சுற்றினால் உள்ளே கசடு சேரும். விளக்கெண்ணெய்க் கதைதான், வேறு வேஷத்தில்.

தனியாக பாட்டிலில் ஜிங்க் வாங்கி ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்பரஸ் 0.14 சதவீதத்தைத் தாண்டினால் பலன் கூடுவதில்லை, நீண்ட ஓட்டத்தில் தேய்மானம் அதிகமாகவும் கூடும். ஆயில் என்பது சாம்பார் மாதிரி. செய்து முடித்த பிறகு இன்னொரு கரண்டி பெருங்காயம் போட்டால் வாசம் கூடாது, கசக்கும்.

என் சிபாரிசு

1. ரேஸ் கேம், கடின ஸ்பிரிங் உள்ள ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர்: 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50. பாஸ்பரஸ் 0.10 முதல் 0.14 வரை, அதாவது பத்து லட்சத்தில் 1000 முதல் 1400 பங்கு. இவற்றில் கன்வெர்ட்டர் இல்லை, அந்தக் கவலை வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் ஒரு நல்ல பைக் ஆயிலையும் பார்க்கலாம். ஜாசோ எம்.ஏ. முத்திரை உள்ள பைக் ஆயிலில் பாஸ்பரஸ் 0.08-க்குக் குறையக்கூடாது, 0.12 வரை இருக்கலாம் என்பது விதி. 20டபிள்யூ-50 ரகத்தில் சின்ன ஊரிலும் கிடைக்கும்.

2. கம்பெனி ஸ்பிரிங்கோடு இருக்கும் அதே வண்டிகள்: நல்ல 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. பந்தயத்திலும் ராலியிலும் அடிபட்ட எஸ்டீம், ஜிப்ஸி: 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-50. டப்பாவின் பின்பக்கம் ஐரோப்பியத் தரமான ஏ3/பி4 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 150 டிகிரி அளவு 3.5-க்குக் குறையாது. சி3 என்று மட்டும் இருந்தால் அது கன்வெர்ட்டரைக் காக்கச் செய்தது.

4. 2000-களின் தொடக்கத்து ஹோண்டா சிட்டி விடெக்: இதில் வால்வின் வேகப் பாதையை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான். மெல்லிய துளைகள் வழியாக ஆயில் சட்டென்று போய்ச் சேர வேண்டும். 'கெட்டியாப் போடு' கட்சியை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பெனி கையேட்டில் உள்ள ரகம், பந்தயத்துக்கு வேண்டுமானால் அதற்கு ஒரு படி மேல், போதும்.

5. ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற பழைய டர்போ: இங்கே சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. கொதிக்கும் டர்போ பேரிங்கில் சாதாரண ஆயில் கருகிக் கரியாகும். வேகமாக ஓட்டிவிட்டு உடனே அணைக்காதீர்கள், ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள்.

ஆயிலைவிட முக்கியமான இருபது நிமிடம்

புதுக் கேம் போட்ட உரசல் இன்ஜினுக்கு முதல் இருபது நிமிடம்தான் தலையெழுத்து. கேமுக்குப் பெரும்பாலும் கிராங்க் வாரி இறைக்கும் ஆயில்தான். ஐடிலிங்கில் அது போதுமான அளவு வராது. எனவே கேமிலும் டாப்பெட்டிலும் அதற்கான பேஸ்டைத் தடவி, ஜிங்க் உள்ள மினரல் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் 2000 முதல் 2500 சுற்றில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். நம் பட்டறைகளில் என்ன நடக்கிறது? ஸ்டார்ட் செய்து, தேங்காய் உடைத்து, ஐடிலிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். சாமி காப்பாற்றினால் உண்டு.

அடுத்தது இடைவெளி. பழைய வேக வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காதீர்கள். இரட்டைக் கார்புரேட்டர் தாராளமாகப் பெட்ரோல் ஊற்றும், அதில் கொஞ்சம் வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கவைக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் சாமான். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தினால் இன்ஜினுக்குள் தண்ணீரும் அமிலமும் தங்கும். எனவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பல மாதம் நிறுத்திவைப்பதாக இருந்தால், நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுங்கள். அழுக்கு ஆயிலோடு தூங்கவைத்துவிட்டு எழுப்பும்போது மாற்றுவது, சாப்பிட்ட தட்டை அடுத்த பண்டிகைக்கு முன்னால் கழுவுகிற மாதிரி.

என் கோரிக்கை

இவ்வளவும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் என்ன ஆகும்? டப்பாவில் ரேஸ் கார் படம் இருக்கும். 'அல்ட்ரா', 'மேக்ஸ்' எல்லாம் இருக்கும். பாஸ்பரஸ் எவ்வளவு, 150 டிகிரியில் எவ்வளவு என்று இருக்காது. கடைக்காரருக்கும் தெரியாது. கம்பெனியின் இணையதளத்தில் டேட்டா ஷீட் என்று ஒன்று இருக்கும். நல்ல கம்பெனி அதில் இந்த எண்களைப் போடுகிறது. சில கம்பெனிகள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டால் சொல்கின்றன. எழுதிக் கேட்டும் சொல்லாத ஆயிலை அப்பா வண்டிக்கு ஊற்றாதீர்கள். பேலன்ஸ் ஷீட் காட்டாத பார்ட்டிக்கு நாங்கள் கடன் கொடுப்பதில்லை.

எங்கள் தொழிலிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 'குறைந்த வட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ப்ராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பின்னால் நுழைத்தார்கள் என்ற புகார் வெகுகாலமாக இருந்தது. ரிசர்வ் வங்கி 2024-ல் உத்தரவு போட்டது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும், எல்லாச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று, முக்கிய விவரங்களைப் புரியும் மொழியில் எளிய தாளில் தந்தாக வேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்கு வேலைதான் கூடியது, முணுமுணுத்தோம். ஆனால் கவுன்ட்டருக்கு எதிரே இருப்பவர் இப்போது எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்கிறார். அது நல்லது.

ஆயிலுக்கும் அப்படி ஒரு சின்னக் கட்டம் டப்பாவின் பின்னால் இருந்தால் போதும். 100 டிகிரியில் இவ்வளவு, 150 டிகிரியில் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு. மூன்றே மூன்று எண். பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட முடிகிற நாட்டில் இது முடியாதா? புது வண்டிக்காரருக்கு அந்தக் கட்டம் தேவைப்படாது, அவருக்குக் கையேடு இருக்கிறது. கையேடு தொலைந்து, கம்பெனியே மூடிப்போய், உதிரிபாகமும் கிடைக்காத வண்டியை வைத்திருப்பவருக்குத்தான் அது வேண்டும். ஆயில் ஓரிரண்டாயிரத்தோடு போகும். ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கைதேர்ந்தவர் சோழவரத்துக்காக அரைத்துக் கொடுத்த கேம், போனால் போனதுதான்.

அதுவரை கடையில் "இருக்கறதுலயே நல்ல ஆயில் குடுங்க" என்று கேட்காதீர்கள். "இதுல பாஸ்பரஸ் எவ்வளவு?" என்று கேளுங்கள். முதல் தடவை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் டீலருக்குப் போகும், நூறு பேர் கேட்டால் கம்பெனிக்குப் போகும்.